எல்லாமே ஓட்டையா அப்புனு?

ஏங்கண்ணு, கோயமுத்தூர்ல ஏசி ரூமுக்குள்ள உக்காந்து சம்பாரிச்ச காசுல கேரள எல்லையில கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கால மூணு ஏக்கரா பூமி வாங்கிப் போட்டுட்டே. நல்ல காரியம். ஆனா பூமியைச் சுத்திப் பாத்துட்டு வந்து என்ற முன்னால நின்னு ஒரு ரிப்போர்ட்டு குடுத்தே பாரு, அதைக் கேட்டு எனக்குச் சிரிக்கறதா அழுகறதான்னு தெரியல. "அப்பச்சி, வேலியில ஓட்டை. வரப்புல ஓட்டை. பனைமரத்துல ஓட்டை. கெணத்து மேட்டுல ஒரு ஓட்டை." நாலு விதமான சமாச்சாரத்துக்கு ஒத்தைச் சொல்லு! சித்தூர் கவர்மென்ட் காலேஜுல தமிழுக்குன்னே தனியா வகுப்பு நடக்குது. நீ அந்தப் பக்கம் மழைக்குக் கோட ஒதுங்கல போல.

பேரு தெரியாம பூமி பாக்கறவன் நெம்ப நாள் பூமி வெச்சிருக்க மாட்டான். பேரு தெரிஞ்சாத்தான் அதை அடைக்கறதா, தொறந்து வெக்கறதா, கும்புட்டுட்டு ஒதுங்கிப் போறதான்னு தெரியும். நீ பாட்டுக்கு எல்லாத்துக்கும் ஒரு மூட்டை சிமிட்டி வாங்கலாம்னு நிக்கறே. உக்காரு, சொல்றன்.

ஓட்டைன்னா இருக்கக் கூடாத எடத்துல இருக்கறது. கொடம் ஒழுகினா ஓட்டை, கூரை ஒழுகினா ஓட்டை. ரகசியம் ஒழுகினா ஓட்டை வாய். நம்ம சொந்தத்துல அது யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, நாளைக்கு அவளே வந்து சொல்லுவா. துணி இத்துப் போனா அது பொத்தல். ஊசிக்கு இருக்கறது காது. சல்லடைக்கும் நுங்குக்கும் தேங்காய்க்கும் இருக்கறது கண்ணு. அதுலயும் தேங்காய்க்கு மூணு கண்ணு இருந்தாலும், மொளை வர்றது மெத்துன்னு இருக்கற ஒரே ஒரு கண்ணு வழியாத்தான். மத்த ரெண்டும் சும்மா முழிச்சுக்கிட்டுக் கெடக்கும், பஞ்சாயத்துக் கூட்டத்துல மெம்பருங்க மாதிரி.

வேணும்னே போட்டும் ஓட்டைன்னு பேரு வாங்கினது ஒண்ணே ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்சு. வெள்ளைக்காரன் 1943-ல இருந்து 1947 வரைக்கும் நடுவுல வட்டமா வெட்டியெடுத்த காலணா அடிச்சான். சண்டைக் காலம், உலோகத்துக்குத் தட்டுப்பாடு. காசுக்கு நடுவுல இருந்ததையும் மிச்சம் புடிச்சான் மகராசன். நாம அதை ஓட்டைக் காலணான்னோம். மலையாளத்துக்காரங்க ஓட்டமுக்கால்னாங்க. ஒரே காசு, நமக்குக் கால், அவங்களுக்கு முக்கால்! எவன் கணக்கு சரின்னு கேக்காதே. ஒரு ஆளைப் பாத்து அப்படிச் சொன்னா ரெண்டு பாஷையிலயும் ஒரே அர்த்தம்: பைசாவுக்கும் பிரயோசனமில்லாதவன்.

இப்ப உன்ற வேலிக்கு வருவோம். கிளுவை வேலியில நீ பாத்தது ஓட்டை இல்ல, அதுக்குப் பேரு தொண்டு. தொண்டு தானா வராது, யாராவது போய் வந்து உண்டாக்கறது. அது வழியா மேயப் போன மாடு கடைசியில போய் நிக்கற எடத்துக்குத் தொண்டுப்பட்டின்னே பேரு வெச்சிருந்தாங்க. அபராதம் கட்டித்தான் அவுத்துட்டு வரோணும். வெடியால போயி அந்தத் தொண்டுகிட்டக் குந்து. முள்ளுல என்ன ஒட்டியிருக்குதுன்னு பாரு. மசுரா இருந்தா ஆடு. நூலா இருந்தா ஆளு. ஆடுன்னா இலந்தை முள்ளை வெட்டிப் போட்டு அடைச்சுட்டு உன்ற சோலியைப் பாரு. ஆளுன்னா அடைக்காதே. நீ அடைச்சா அவன் பத்தடி தள்ளிப் புதுசா ஒண்ணு போடுவான். உனக்கு ரெண்டு தொண்டாயிரும். அந்த எடத்துல நல்ல மூங்கில் படலா ஒண்ணு கட்டி வெச்சுட்டு, பக்கத்துத் தோட்டத்துக்காரரைப் பாத்து, "ஏனுங் மாமா, நீங்க போக வர முள்ளு கிழிக்குதுங்ளே, படல் போட்டுட்டனுங்"னு சிரிச்ச மொகமாச் சொல்லு. மறுநாள்ல இருந்து அவர் ரோட்டு வழியாத்தான் போவார். மரியாதையைப் போல வேலி எந்த நர்சரியிலயும் கெடைக்காது.

வரப்புல நீ பாத்தது ரெண்டு வகை. ஒண்ணு வங்கு, இன்னொண்ணு வளை. எலி இருக்கறது வங்கு, நண்டு இருக்கறது வளை. ரெண்டையும் ஒண்ணாப் பாவிச்சா ரெண்டும் உன்னைப் பாத்துச் சிரிக்கும். எலி வங்குக்கு வாசல் ஒண்ணுன்னு நெனைக்காதே. முன்னால மண்ணைத் தள்ளிப் போட்டு, உள்ள இருந்தே வாயை மண்ணு வெச்சு அடைச்சுக்கும். பின்னால எங்கியோ ஒரு கள்ள வழி வெச்சிருக்கும், அதையும் பொசபொசன்னு மண்ணால மூடியிருக்கும். பாத்தா வெறுந்தரை மாதிரித்தான் தெரியும். அதனாலதான் எலி புடிக்கற இருளருங்க பானைக்குள்ள வைக்கோலைக் கொளுத்தி வங்கு வாயில வெச்சு ஊதறப்ப, ஊதறவன் ஒருத்தன், எந்தப் பக்கம் புகை கிளம்புதுன்னு பாக்கறவன் ஒருத்தன். நீ தனியாப் போயி ஊதினா உன்ற கண்ணுதான் எரியும், எலி அக்கட்ட வெளிய வந்து நின்னு வேடிக்கை பாக்கும்.

நண்டு வளைக்குப் புகை வேண்டாம், பாதம் வேணும். ராத்திரி மொறைத் தண்ணி பாச்சறப்ப மடையெல்லாம் அடைச்சிருந்தும் வயல்ல தண்ணி கொறையுதுன்னா, செருப்பைக் கழட்டிட்டு வரப்பு மேல மெதுவா நட. எந்த எடத்துல கால் சில்லுன்னு புதையுதோ அங்கதான் வளை. டார்ச்சு அடிச்சா தெரியாது. செருப்புப் போட்டுட்டு விவசாயம் பண்ணறவனுக்கு நண்டு கடன்காரன் இல்ல, பங்காளி.

இன்னொண்ணு புத்து. வேப்பமரத்தடியில இருக்குதே, அதுதான். கறையான் கட்டறது, பாம்பு குடியேறறது. வாடகைக்கு ஊடு உட்டவங்களைக் கேட்டா இந்த ஞாயத்தை விவரமாச் சொல்லுவாங்க. பாம்பு தானா மண்ணு தோண்டாது கண்ணு. புத்து இல்லாட்டி எலி வங்குக்குள்ளயே போயிரும். ஆகமொத்தம் வங்குன்னு கையை விட்டா சில நேரம் புத்தாயிரும். கையை விடாதே, அவ்வளவுதான்.

பட்டுப் போன பனையில நீ பாத்தது பொந்து. கிளியும் மைனாவும் இருக்கும், ஆந்தையும் இருக்கும். "அபசகுனம், மரத்தை வெட்டிப் போடுங்க"ன்னு உன்ற அம்மாயி சொல்லுவா. அவகிட்ட ஆகட்டும்னு தலையாட்டிட்டு மரத்தை உட்டுரு. ஆந்தை திங்கறது எலி. உன்ற வரப்பு வங்குக்கு மருந்து அந்தப் பனைப் பொந்துல சும்மா குந்திட்டு இருக்குது, நீ மருந்துக் கடையில பாக்கெட்டு வாங்கப் போறே.

மடைக்கு வந்தாத்தான் நாம மனுசங்க ஆகறோம், மத்ததெல்லாம் பிராணிங்க போட்டது. மடைங்கறது தொறக்கவும் அடைக்கவும் மனுசன் வெச்சது. மம்மட்டியால ஒரு கட்டி மண்ணை எடுத்தாத் தண்ணி உள்ள வரும். எடுத்த மண்ணை வீசி எறியாதே, வரப்பு மேலயே வையி. அடைக்கறப்ப அதே மண்ணுதான் கச்சுன்னு உக்காரும், ஒரு புடி கோரைப்புல்லையும் சேத்து மிதிச்சாச் சொட்டுத் தண்ணி போகாது. புது மண்ணு போட்டு அடைச்சது பொழுது விடியறதுக்குள்ள கரைஞ்சிரும்.

ஆனா ஒண்ணு, இதே சொல்லை மலையாளத்துக்காரங்ககிட்டப் பாத்துப் பேசு. நமக்கு மடைன்னா தண்ணி வழி. அவங்களுக்கு மடன்னா மிருகம் இருக்கற எடம். சிங்கத்துக்கும் மட, எலிக்கும் மட. குட்டநாட்டுல கடல் மட்டத்துக்குக் கீழ இருக்கற வயலுக்குப் பெரிய வரம்பு போட்டிருப்பாங்க. அது ஒடைஞ்சு வெள்ளம் புகுந்தா "மட வீணு"ன்னு அலறுவாங்க. நம்ம சித்தூர் தாலூக்காவுலயே முதலமடை இருக்குது, மாங்காய்க்குப் பேர் போன ஊரு. மலையாளத்துல பிரிச்சா முதலையோட மடை. நம்ம ஆளுங்க "அதெல்லாமில்ல, அதுதான் முதல் மடை, தண்ணி மொதல்ல எங்களுக்குத்தான்"னு வாதாடுவாங்க. இத்தனை நாள்ல அங்க முதலையையும் எவனும் பாத்ததில்ல, தண்ணியும் மொதல்ல வந்ததில்ல.

தண்ணின்னதும் ஷட்டர் ஞாபகம் வருது. மடை பெரிசானா மதகு. மதகுக்குக் கவர்மென்ட்டு வந்தா ஷட்டர். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970-ல கையெழுத்தாச்சு. சித்தூர் பக்கத்துக்கு மணக்கடவு வழியா வருசத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணி உடோணும்னு அதுல எழுதியிருக்குது. மணக்கடவு, தூணக்கடவு, இந்தப் பேர்ல எல்லாம் கடவு இருக்குது பாத்தியா? கடவுன்னா கடந்து போற வழி. மனுசன் கடந்தான், மாடு கடந்துச்சு. இப்பத் தண்ணி கடக்கறதுக்குத்தான் ரெண்டு கவர்மென்ட்டும் மேசை போட்டுப் பேச வேண்டியிருக்குது. தண்ணி மூலத்தறைக்கு வந்து, அங்க ரெகுலேட்டர்ல பிரிஞ்சு, வாய்க்கால்ல ஓடி, நம்ம மடைக்கு வர்றதுக்குள்ள எத்தனை ஷட்டர், எத்தனை சாவி! எறக்கறவனும் ஏத்தறவனும் எப்பவும் டீ குடிக்கப் போயிருப்பான்.

ஷட்டரும் சில நேரம் ரோசப்படும். பரம்பிக்குளம் அணை இருக்கறது கேரளத்துல, பாத்துக்கறது தமிழ்நாடு. 2022 செப்டம்பர் 21-ஆம் தேதி வெடியறதுக்கு முன்னால அந்த அணையோட மூணு ஷட்டர்ல ஒண்ணு பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. வருசம் பூரா டிஎம்சிக்கு லெட்டர் எழுதிட்டிருந்தவங்க முன்னால, எந்த லெட்டரும் இல்லாம தண்ணி சாலக்குடி ஆத்துப் பக்கம் எறங்கி நடந்துச்சு. அன்னிக்கு அதை யாரும் மதகுன்னும் சொல்லல, மடைன்னும் சொல்லல. என்னைக் கேட்டா அதுதான் ஓட்டை. அந்த ஒரு எடத்துல உன்ற சொல்லு சரி.

இடுக்கிப் பக்கம் போனா வேற கூத்து. ரெண்டு மலை ஒண்ணை ஒண்ணு இடிக்கற மாதிரி நெருங்கி நின்னு நடுவுல ஆறு பிதுங்கிப் போற எடம் இடுக்கு. அதுலதான் ஊருக்கும் ஜில்லாவுக்கும் பேரு. குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவுல இருந்த அந்த இடுக்கை 555 அடி ஒசரத்துக்குக் காங்கிரீட்டு வில்லு வெச்சு அடைச்சுப்புட்டாங்க. வேடிக்கை என்னன்னா, அந்த வளைவு அணையில ஒரு ஷட்டர் கோடக் கெடையாது. தண்ணி மிஞ்சினா பக்கத்துல செறுதோணி அணையில அஞ்சு ஷட்டர் இருக்குது, அதைத்தான் தொறக்கோணும். 1992-ல தொறந்தாங்க, அப்பறம் 26 வருசம் கழிச்சு 2018 ஆகஸ்ட்டுல தொறந்தாங்க; ஊரே டிவி முன்னால உக்காந்துச்சு. ஒரு பக்கம் அடைச்சா இன்னொரு பக்கம் தொறப்பு வெக்கோணும்னு அந்த எஞ்சினியருங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. அதே ஜில்லாவுல முல்லைப் பெரியாத்துத் தண்ணியை 1895-ல மலையைக் குடைஞ்சு கெழக்கால திருப்பினாங்க. ஒரு குடைவு, அஞ்சு ஜில்லா குடிக்குது. அதுக்கு எவனும் சிமிட்டி கேக்கல பாரு.

எல்லாத்துலயும் பெரிய தொறப்பு நம்ம தலைக்கு மேலயே இருக்குது, நீ கணக்குல சேக்கல. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவுல முப்பது நாப்பது கிலோமீட்டருக்கு மலையே இல்ல. அதுக்குப் பேரு கணவாய். மேக்கால இருந்து வர்ற பருவக் காத்து அந்த வழியாத்தான் பூந்து பொள்ளாச்சி வரைக்கும் சாரலடிக்குது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஆளுங்க மட்டும் மேகம் போறதை அண்ணாந்து பாத்துட்டே நிக்கோணும். மழை கம்மி, காத்து எச்சு. காத்து மட்டுமா வந்துச்சு? கெழக்கால இருந்து கொங்கன் படை கோட இந்த வழியாத்தான் வந்துச்சுன்னு ஐதீகம். வந்த படையைப் பகவதி அடிச்சுத் தொரத்தினதைச் சித்தூர்ல வருசா வருசம் மாசி மாசத்துல கொங்கன்படைன்னு பெரிய நோம்பியாக் கொண்டாடறாங்க. நம்ம பாட்டனுங்க தோத்த கதை. நாமளும் குடும்பத்தோட போயி, வாண வேடிக்கை பாத்து, பொரிகடலை வாங்கித் தின்னுட்டு வர்றோம். ரோசம் பாத்தாப் பொரி கெடைக்குமா?

இப்பக் கெணத்து மேட்டுக்கு வா. கிண்டலை இங்க நிறுத்திக்கறேன்.

கெணத்துக்குள்ள தண்ணி பொறப்படற எடத்துக்கு ஊத்துக்கண்ணுன்னு பேரு. தூர் வாரறப்ப அந்த எடம் வந்தா, மண்ணு வெட்டறவன் கடப்பாறையை வெச்சுட்டுக் கையால தொடைப்பான். ஆனா நீ பாத்தது அதில்ல. மேட்டுல ஒரு சாக்கு, சாக்கு மேல ஒரு கல்லு. அதுக்குப் பேரே கெடையாது. போர்னு சொல்லுவோம், பேப்பர்ல ஆழ்துளைக் கிணறுன்னு போடுவான். வாயில எவனும் சொல்லறதில்ல. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நிக்கும், ஆறரை இஞ்சு அகலத்துக்கு அடிக் கணக்குல காசு. மொதல்ல செம்மண்ணு வரும், அப்பறம் பாறைப் பொடி. தென்னை மட்டையெல்லாம் வெள்ளை பூசின மாதிரி ஆயிரும். "ஈரம் காட்டுதுங், இன்னொரு நூறு அடி போலாமுங்"பான் வண்டிக்காரன். போகப் போக அடிக்கு ரேட்டும் ஏறும். கடைசியில புகைதான். வண்டி போயிரும், கடன் நிக்கும், அந்தக் குழாய் வாய் மட்டும் ஆகாசத்தைப் பாத்துத் தொறந்து கெடக்கும். உனக்குப் பூமி வித்தவன் சாக்கு போட்டு மூடிட்டுப் போயிருக்கான்.

2019 அக்டோபர்ல மணப்பாறை பக்கத்துல நடுக்காட்டுப்பட்டியில ரெண்டு வயசுக் கொழந்தை அந்த மாதிரி ஒண்ணுல உழுந்துச்சு. நாலு நாளு நாடே முழிச்சுக் கெடந்தும் உசுரோட எடுக்க முடியல. அதுக்கு ஒம்பது வருசம் முன்னாலயே, 2010-ல, சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு: உபயோகமில்லாத போரை அடியில இருந்து மேல வரைக்கும் களிமண்ணோ மணலோ கல்லோ போட்டு நெரப்போணும்னு. சாக்கும் கல்லும் போட்டா ஆச்சுன்னு எந்தக் கோர்ட்டும் சொல்லல. நீ வாங்கலாம்னு நிக்கற சிமிட்டியை அங்க கொண்டுபோ. இன்னிக்கே போ. உன்ற பூமியில சிமிட்டி போட்டு அடைக்க வேண்டியது அது ஒண்ணுதான்.

புதுசாப் போர் போடறதா இருந்தா அதுக்கும் அவசரப்படாதே. சித்தூர் வட்டாரத்தை நிலத்தடித் தண்ணியை அளவுக்கு மிஞ்சி எடுத்த எடம்னு கவர்மென்ட்டே பட்டியல்ல சேத்த காலம் உண்டு. பெருமாட்டி பஞ்சாயத்துல பிளாச்சிமடையில 2000-ல கோக்கக்கோலா கம்பெனி வந்து போர் போட்டுத் தண்ணி எடுத்துச்சு. சுத்திலும் கெணத்துத் தண்ணி வாயில வெக்க முடியல. 2002 ஏப்ரல்ல ஆதிவாசிப் பொம்பளைங்க கம்பெனி வாசல்ல உக்காந்தாங்க, மயிலம்மா முன்னால உக்காந்தா. பஞ்சாயத்து லைசென்சைப் புதுப்பிக்க மாட்டேன்னுச்சு. 2004 மார்ச்சுல கம்பெனி நின்னுச்சு. பிளாச்சிமடைங்கற பேர்லயும் ஒரு மடை இருக்குது கண்ணு. அதை அடைச்சது எஞ்சினியரு இல்ல, கூலிக்குப் போற பொம்பளைங்க.

சரி, மொகத்தைத் தொங்கப் போடாதே. கடைசியா ஒரு சொல்லு சொல்லித் தர்றன், எல்லையில குடித்தனம் பண்ணறவனுக்கு இது ரேஷன் கார்டு மாதிரி அவசியம். பழுது. நமக்குப் பழுதுன்னா ரிப்பேர். மோட்டார் பழுது, வண்டி பழுது. மலையாளத்துல பழுதுன்னா நுழையறதுக்கு இருக்கற சந்து. பேப்பர்ல "நியமத்திலெ பழுது"ன்னு போட்டிருந்தா, சட்டம் ரிப்பேர் ஆயிருச்சுன்னு நெனைச்சுக்காதே. சட்டத்துல பூந்து போக வழி இருக்குதுன்னு அர்த்தம். தமிழ்நாட்டுல 1987-ல இருந்து கள்ளு எறக்கக் கூடாது. கோபாலபுரத்துக்கு அக்கட்டயும் பனை நிக்குது, இக்கட்டயும் பனை நிக்குது. அங்க பாளையைச் சீவினாக் கேசு, இங்க சீவினா லைசென்சு, மத்த ஜில்லா ஷாப்புக்கெல்லாம் போறதே நம்ம சித்தூர்க் கள்ளுதான். ஞாயித்துக்கெழமையானா மீனாட்சிபுரம் வழியா ஒறம்பரை பாக்க வர்ற கூட்டம் இருக்குதே, அத்தனை ஒறம்பரை எனக்கே கெடையாது. தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு நம்ம ஊரே ஒரு பழுது.

நாளைக்கு உன்ற பொள்ளாச்சி மாமன் பூமி பாக்க வர்றாராம். பூமியை நீ காட்டு, பழுதை நான் காட்டறேன். அம்மாயி கேட்டா மூலத்தறையில தண்ணி தொறந்துட்டாங்களான்னு பாக்கப் போயிருக்கோம்னு சொல்லு. வர்றப்ப அவளுக்குக் கால் கிலோ அல்வாவும் வாங்கிக்க; வெறும் பொய்யை அவ நம்ப மாட்டா.